முள்ளும் முன் ஷாக்கும்: ஒரு ஹார்ட்டெயில் சைக்கிளோடு நான்கு ஆண்டுகள்

26,000 ரூபாய்க்கு வாங்கிய சைக்கிளுக்கு நான்கு ஆண்டுகளில் 45,000 ரூபாய் செலவழித்திருக்கிறேன். வீட்டுக் கணக்கு நோட்டில் மனைவி இதை ‘மருத்துவம்’ என்ற தலைப்பின் கீழ் எழுதிவருகிறார். மருந்துச் செலவா, நோய்ச் செலவா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த 45,000-இல் ஓட்டத்தை உண்மையாகவே மாற்றியது ஏழாயிரம்தான். மீதி வீண் என்று சொல்லமாட்டேன். வரிசைதான் தப்பிவிட்டது. முதல் மாதமே செய்திருக்க வேண்டிய வேலைகளை மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு, பளபளக்கும் பாகங்களின் படங்களை இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சைக்கிள் இதுதான்: அலுமினியச் சட்டம், 29 அங்குலச் சக்கரம், 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஸ்பிரிங் ஷாக் முன்னால், பின்னால் ஷாக் எதுவும் கிடையாது. அதனால்தான் ஹார்ட்டெயில் என்று பெயர். கம்பி இழுத்துப் பிடிக்கும் டிஸ்க் பிரேக். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. ஆக 21 கியர். எடை பதினைந்து கிலோவுக்குச் சற்று மேல். என் எடை 78 கிலோ. இந்த எண்ணும் கதைக்குள் வரும்.

குடியிருப்பது மதுரைக்கு மேற்கே, நாகமலை அடிவாரத்தில். காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் கண்மாய்க்கரை, வாய்க்கால் ஓரம், கீழக்குயில்குடி சமணர் மலையைச் சுற்றிய மண்தடம், தாமரைக்குளம், அப்புறம் வீடு. மலைமேல் சைக்கிளை ஏற்றியதில்லை. அது பாதுகாக்கப்பட்ட இடம், ஏற்றவும் கூடாது. கரையும் அடிவாரமும் போதும். மடைகளில் படி இறங்கவேண்டும், கலுங்கைத் தாண்ட வேண்டும், மாட்டுவண்டித் தடத்தின் நடுமேட்டில் பெடல் இடிக்கும். மழைக்குப் பிறகு களிமண் டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும். வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் பைன்மரக் காட்டுப் பாதை எதுவும் இங்கே இல்லை. இங்கே இருப்பது முள்.

கழுத்தும் கையும்

முதல் மூன்று மாதம் வலது கை சுண்டுவிரல் மரத்துப்போகும். கழுத்து வலிக்கும். ஷாக் சரியில்லை என்று முடிவு செய்தேன். பழைய கடைக்காரர் ஒருவர் இருக்கிறார். அறுபத்தெட்டு வயது. வாடகைச் சைக்கிள் காலத்திலிருந்து கடை வைத்திருப்பவர். அவர் நான் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, “தம்பி, ஷாக்கை விடுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வையுங்கள்” என்றார். வைத்தேன். பெடல் அடியில் இருக்கும்போது கால் நீண்டு நேராக நிற்க வேண்டுமாம். எனக்கு முழங்கால் நன்றாகவே மடங்கியிருந்தது. சீட்டை நான்கு விரல் உயர்த்தினார். அதற்குக் காசு வாங்கவில்லை.

ஹேண்டில்பாரைச் சட்டத்தோடு பிடிக்கும் ஸ்டெம் 90 மில்லிமீட்டர் நீளம். அதை 60 ஆக்கினேன். செலவு 900 ரூபாய். உடல் சற்று நிமிர்ந்தது, கையில் பாரம் குறைந்தது, மரத்துப்போவது நின்றது. குறுக்கிய ஸ்டெம்மோடு முதல் தடவை இறங்கும்போது ஹேண்டில் கொஞ்சம் அவசரப்பட்டுத் திரும்புவதுபோல் தோன்றும். இரண்டு நாளில் பழகிவிடும்.

என்னோடு வேலை செய்யும் ஒரு அம்மாவின் கதை இதைவிடத் தெளிவானது. ஐந்தடி இரண்டங்குல உயரம். கையிருப்பில் இருந்தது என்று 19 அங்குலச் சட்டத்தை அவரிடம் தள்ளிவிட்டிருந்தார்கள். வாங்கி ஆறு மாதம் மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. ஸ்டெம்மைக் குறுக்கினோம், ஹேண்டில்பாரில் இரு பக்கமும் மூன்று சென்டிமீட்டர் அறுத்தோம், சீட்டை அதன் அடியில் இருக்கும் கம்பிகளில் முன்னே நகர்த்தினோம். சட்டம் இன்னும் அவருக்குப் பெரிதுதான், அதை மறைக்க முடியாது. ஆனால் இப்போது வாரத்தில் நான்கு நாள் ஓட்டுகிறார். செலவு 1,300 ரூபாய். நான் பார்த்ததில் ரூபாய்க்கு ரூபாய் அதிகம் பலன் தந்த வேலை அதுதான். வருத்தம் என்னவென்றால், அது என் சைக்கிள் இல்லை.

31 பஞ்சர்

முதல் ஆண்டு டைரியில் பஞ்சர் கணக்கு 31. இதில் கருவேல முள்ளுக்குப் பாதிக்கும் மேல். சீமைக்கருவேலம் கண்மாய்க்குள்ளும் கரையிலும் மண்டிக்கிடக்கிறது. கரி மூட்டத்துக்கு வெட்டும் காலத்தில்தான் நமக்கு ஆபத்து அதிகம்: மரத்தைக் கொண்டுபோய்விடுவார்கள், முள்விளார் கரையிலேயே கிடக்கும். காய்ந்த முள் ஆணிபோல் நேராக உள்ளே போகும், வெளியே ஒரு துளி கறுப்பு மட்டும் தெரியும். மீதியில் பெரும்பாலானவை நெருஞ்சியால். இந்தச் செடிக்கு ஒரு பொல்லாத அமைப்பு உண்டு. காய் எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது வானம் பார்த்தே நிற்கும்.

காற்றைக் கூட்டினால் முள் ஏறாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானும் 60 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காற்று அடித்து வைத்திருந்தேன். முள் அதைப் பொருட்படுத்தவில்லை. டயர் கல்லாகி, ஒவ்வொரு பரல்கல்லும் முதுகெலும்பில் எண்ணிப் பார்க்கும்படி ஆனது. ஹார்ட்டெயிலில் பின்பக்கத்துக்கு ஷாக் என்றால் அது டயரும் நம் முழங்காலும்தான். டயரை இரும்பாக்கிவிட்டு, உட்கார்ந்தபடியே கல்லில் ஓட்டினால் பாதிச் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாக அர்த்தம். 35-க்குக் குறைத்தபோது சைக்கிளே மாறிப்போனது. ஆனால் வேறு நோய் வந்தது: கலுங்குப் படியில் இறங்கும்போது கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு துளை. ஒட்டுப்போட ஒரே ஒட்டு போதாது.

தப்பிக்க ஒரே வழி டியூபையே எடுத்துவிடுவது. டியூப்லெஸ் டயரும் ரிம்முக்குள் ஒட்டும் டேப்பும் வால்வும் உள்ளே ஊற்றும் ரப்பர்ப்பால் கரைசலும் சேர்ந்து 6,100 ரூபாய். முள் குத்தினால் கரைசல் காற்றோடு வெளியே வரப் பார்த்து, துளையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். தத்துவம் எளிது. செய்த அன்று இரவு பன்னிரண்டு மணி.

என் ரிம் டியூப்லெஸ்ஸுக்கென்று செய்தது இல்லை. சக்கரத்தின் ஆரக்கம்பி முனைகள் இருக்கும் துளைகளைக் காற்றுப்புகாத டேப்பால் மூடவேண்டும். டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் அகலமாக இருந்தால்தான் ஓரச்சுவரில் சற்று ஏறி உட்காரும். நான் முதலில் ஒட்டியது சரியாக உள் அகலத்துக்கு. காற்று அடிக்க அடிக்க வால்வைச் சுற்றி நுரை. கழற்றி, ஸ்பிரிட்டால் துடைத்து, அகல டேப்பை இழுத்துப் பிடித்து இரண்டு சுற்று ஒட்டினேன். அடுத்தது டயரின் ஓரக்கம்பி ரிம்மில் ஏறி உட்கார வேண்டும். அதற்குக் காற்று ஒரே மூச்சாகப் புக வேண்டும். கால் பம்பை நான் மிதித்த வேகத்துக்கு அது பெருமூச்சுதான் விட்டது. மறுநாள் லாரி டயர்க் கடைக்குத் தூக்கிப்போனேன். வால்வின் உள்ளூசியைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரஸரை வைத்தார் அந்தப் பையன். இரண்டு வேட்டுச் சத்தம். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். டயர் உட்கார்ந்துவிட்டது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் முக்கியம். என் ரிம்மில் இருப்பது மோட்டார் சைக்கிள் வால்வு போகும் அகலத் துளை. டியூப்லெஸ் வால்வுகளில் ஒல்லியான வகையே அதிகம் விற்கிறது. அதை வாங்கினால் துளைக்குள் ஆடும், ஒழுகும். அகல வகையையே தேடி வாங்கினேன். பெட்ரோல் பங்க்கிலும் காற்று பிடித்துக்கொள்ளலாம் என்பது கூடுதல் வசதி.

ஒரு சக்கரத்துக்கு 110 மில்லி கரைசல் ஊற்றுகிறேன். பெட்டியில் சில மாதங்கள் தாங்கும் என்று போட்டிருக்கும். சித்திரை வெயிலில் ஓட்டுக்கூரைக்குக் கீழே நிற்கும் சைக்கிளுக்கு அது பொருந்தாது. இரண்டு மாதத்தில் திறந்து பார்த்தால் உள்ளே பால் இல்லை, ஆடைதான் இருந்தது. இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை வால்வு வழியாகக் கொஞ்சம் ஊற்றிவிடுகிறேன். முன்னால் 23 பிஎஸ்ஐ, பின்னால் 26. இரண்டாம் ஆண்டு பஞ்சர் கணக்கு இரண்டு. இரண்டும் பக்கச்சுவர் கிழிசல். டயரில் முள் குத்திய இடத்தை இப்போது பிடுங்குவதுகூட இல்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஷாக்கைத் திறந்தேன்

இந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். ஆனால் முன் ஷாக் கரகரவென்று சத்தம் போட்டது, பாதிதான் அமுங்கியது, அமுங்கினால் திரும்பிவர யோசித்தது. மாற்றிவிடத் தீர்மானித்து, எதற்கும் ஒருமுறை திறந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

கீழே இரு கால்களின் அடியிலும் ஒவ்வொரு போல்ட். அவற்றைத் தளர்த்தி, போல்ட்டின் தலையில் ரப்பர்ச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் உள்தண்டு விடுபடும். பிறகு போல்ட்டை முழுதாகக் கழற்றிவிட்டு, அடிக்கால்களை இழுத்தால் கழன்று வந்துவிடும். உள்ளே கிரீஸ் இருந்திருக்க வேண்டிய இடத்தில் செம்மண்ணும் பழுப்பு மெழுகும். ஸ்பிரிங் துருவேறியிருந்தது. கண்மாய்க்குள் முழங்கால் தண்ணீரில் சைக்கிளை இறக்கிப் படம் எடுத்துக்கொண்ட ஞாயிற்றுக்கிழமைகள் நினைவுக்கு வந்தன. மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, ஸ்பிரிங்கிலும் வழவழப்பான தண்டிலும் உள்புஷ்ஷிலும் தாராளமாகக் கிரீஸ் தடவிப் பூட்டினேன். தூசித் தடுப்பு ரப்பருக்குக் கீழேயும் விரலால் ஒரு சுற்று. மொத்தம் 120 ரூபாய், ஒன்றரை மணி நேரம்.

ஷாக் முழுதாக அமுங்கியது. சத்தம் போனது. பிறகும் பத்து மாதம் கழித்து 13,000 ரூபாய் கொடுத்துக் காற்று ஷாக் வாங்கினேன் என்றால், அதைத் தேவை என்று சொல்வது பொய்.

ஒன்றைத் தொட்டால் பத்து

இரண்டாயிரம் கிலோமீட்டர் வாக்கில் பின்சக்கரம் தள்ளாடத் தொடங்கியது. கோட்டம் எடுக்கச் சொல்லிக் கடைக்குக் கொண்டுபோனேன். பெரியவர் சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலில் உருட்டினார். அச்சு வளைந்திருந்தது.

விலை குறைந்த சைக்கிள்களில் பின் பல்சக்கரக் கொத்து, சக்கரத்தின் நடுவே இருக்கும் ஹப்பின் மேல் மரையாகத் திருகி ஏறும்; பிரீவீல் என்போம். வலப்பக்கத்துப் பேரிங் குண்டுகள் அந்தக் கொத்துக்கு உள்புறம் தள்ளி இருக்கும். அங்கிருந்து சட்டம் வரைக்கும் அச்சு எந்தத் தாங்கலும் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும். நான் 78 கிலோவோடு மடைப்படியில் தொம்மென்று இறங்கும்போதெல்லாம் அந்த நீட்டலுக்குத்தான் அடி. நல்ல ஹப்பில் பல்சக்கரக் கொத்து தனி உருளைமேல் சொருகி உட்காரும், கேசட் என்று பெயர். குண்டுகள் சட்டத்துக்கு அருகில் போய்விடும், அச்சு பிழைக்கும். அச்சை மட்டும் மாற்றினால் 150 ரூபாய். ஆனால் ஆறு மாதத்தில் மறுபடியும் வளையும். பெரியவர் “உங்கள் இஷ்டம்” என்றார். அந்த இரண்டு சொல்லில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

புது ஹப் வந்தது. ஹப் மாறினால் கம்பிகளின் நீளம் மாறும், ஏனென்றால் கம்பி கோக்கும் வட்டின் விட்டம் வேறு. பழைய 32 கம்பிகளும் பயன்படவில்லை. புதுக் கம்பி கோத்துக் கோட்டம் எடுக்கும் வேலையைப் பெரியவர் ஒரு முழுப் பிற்பகல் செய்தார். வலப்பக்கக் கம்பிகள் ஓரிரு மில்லிமீட்டர் குட்டை, இறுக்கமும் அதிகம். பல்சக்கரங்களுக்கு இடம் விட்டு ரிம் நடுவில் நிற்க வேண்டுமே. கம்பியை இறுக்கும் நிப்பிள் எதையும் ஒரு தடவையில் கால் சுற்றுக்கு மேல் திருப்பவில்லை. கம்பி இறுக்கத்தை அளக்க நான் வாங்கிவைத்திருந்த அளவுமானியைப் பார்த்துவிட்டு, “அது உங்களுக்கு” என்றார். நகத்தால் கம்பியைச் சுண்டிக் கேட்டபடியே முடித்துவிட்டார். வீட்டுக்கு வந்து அளவுமானியால் சோதித்தேன். வலப்பக்கத்துப் பதினாறும் ஏறத்தாழ ஒரே எண். மானியை அலமாரியில் வைத்துவிட்டேன்.

பழைய பிரீவீலைக் கழற்றுவதும் ஒரு கூத்து. மிதிக்க மிதிக்க இறுகும் மரை அது; இரண்டாயிரம் கிலோமீட்டர் மிதித்து இறுக்கியிருக்கிறேன். ஸ்பானரால் அசையவில்லை. கழற்றும் கருவியைப் பட்டறை வைஸில் இறுக்கி, அதன்மேல் சக்கரத்தைக் கவிழ்த்து, பஸ் ஸ்டீயரிங்போல் இரு கையாலும் இடதுபக்கம் திருப்பினால் ‘டக்’ என்று விடும். ஸ்பானரைவிடச் சக்கரத்தின் விட்டம் பெரிய நெம்புகோல்.

கேசட் வந்தபின் ஏழு கியருக்கு எதற்கு நிற்க வேண்டும்? மைக்ரோஷிஃப்ட் அட்வென்ட் என்ற ஒன்பது கியர்த் தொகுப்பை வாங்கினேன்: பின்னால் 11 பல்லிலிருந்து 42 வரை, முன்னால் 32 பல் ஒன்றே ஒன்று. முன் கியர் கைப்பிடியே தேவையில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் இறங்கினேன். பழையதில் மிகச் சுலபமான கியர் முன் 24, பின் 28. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 0.86 சுற்று. புதியதில் 32-க்கு 42, வெறும் 0.76. ஏற்றத்தில் அந்த வித்தியாசம் தொடைக்குத் தெரியும். மிகக் கடினமான கியர் பழையதில் 42-க்கு 14, சரியாக 3. புதியதில் 32-க்கு 11, 2.91. ஆக 21 கியர் செய்ததைவிட அகலமான வேலையை ஒன்பது கியர் செய்கிறது. 21-இல் பல ஒன்றையொன்று ஒத்தவை என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை.

ஆனால் பழைய முன் பல்சக்கரங்கள் மூன்றும் ரிவிட் அடித்து ஒன்றாக்கப்பட்டவை. ஒன்றை மட்டும் எடுக்க முடியாது. ஆகவே பெடலையும் முன் பல்சக்கரத்தையும் தாங்கும் கிராங்கும் புதிது. கிராங்கைப் பிடுங்க ஒரு கருவி. பெடலைக் கழற்றும்போது, இடப் பெடல் எதிர்மரை என்பது தெரிந்தும் அவசரத்தில் வழக்கமான திசைக்கே முழு பலத்தோடு திருகினேன். ஸ்பானர் வழுக்கி, விரல்முட்டி நேராகப் பல்சக்கரத்தில் போய் இறங்கியது. நான்கு பல்லின் தழும்பு இன்னும் இருக்கிறது. எந்தக் கியரின் பல் என்றுகூடச் சொல்ல முடியும்.

இதில் கிடைத்த நிம்மதி எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. பின்சக்கரத்தோரம் செயினைப் பிடித்திருக்கும் புதுக் கியர் மாற்றியில் கிளட்ச் இருக்கிறது, செயினைத் தொய்யவிடாது. முன்பெல்லாம் கல்லில் இறங்கும்போது செயின் சட்டத்தில் அடித்து, மூட்டை நிறையக் கரண்டியைக் கொண்டுபோவதுபோல் சத்தம் கேட்கும். இப்போது டயர் மண்ணைக் கடிக்கும் சத்தம் மட்டும். ஒருநாள் காலையில் கரையில் நின்ற மயில் நான் பக்கத்தில் போகும்வரை திரும்பியே பார்க்கவில்லை.

சிறுமலை இறக்கம்

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் வெட்கத்தோடுதான் எழுத வேண்டும். கம்பி பிரேக்கை எடுத்துவிட்டு, எண்ணெயழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் வாங்கினேன். வந்த தொகுப்பில் இடக்கை முன் பிரேக், வலக்கை பின் பிரேக். நமக்கு மோட்டார் சைக்கிளிலும் சைக்கிளிலும் வலக்கைதான் முன். பழக்கத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று இரண்டு நாள் முயன்றேன். மூன்றாம் நாள் ஆட்டுக்குட்டி ஒன்று குறுக்கே வந்தபோது கை தன் பழைய புத்தியையே கேட்டது, பின்சக்கரம் வழுக்கி நான் வரப்பில் விழுந்தேன். குழாய்களைக் கழற்றி மாற்றிப் போட்டோம். குழாயைக் கழற்றினால் காற்று புகும். காற்றை வெளியேற்ற எண்ணெய் ஊற்றி, குமிழி நிற்கும்வரை கைப்பிடியைத் தட்டித் தட்டி அழுத்த வேண்டும். என் பிரேக்குக்கு மினரல் ஆயில். கார் பிரேக் ஆயிலை இதில் ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். ‘எல்லாம் எண்ணெய்தானே’ என்று யாராவது சொன்னால் பாட்டிலைப் பிடுங்கிக்கொள்ளவும்.

வெட்கம் இதில் இல்லை. சிறுமலைக்குப் போவதற்கு முந்தின இரவு செயினுக்கு ஸ்பிரே எண்ணெய் அடித்தேன். வராந்தாவில் காற்று. ஒரு துளி பின் டிஸ்க்கில் படிந்திருக்க வேண்டும். மறுநாள் திண்டுக்கல் பக்கமிருந்து ஏறும்போது எதுவும் தெரியவில்லை. ஏறும்போது பிரேக் யாருக்கு வேண்டும்? பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளையும் புதுக் கியரின் பெருமையோடு மிதித்து ஏறினேன். இறங்கும்போது மூன்றாவது வளைவில் பின் பிரேக் யானைபோல் பிளிறியது, பிடிக்கவில்லை. முழுப் பாரமும் முன் பிரேக்கில். அது சூடேறிக் கருகிய வாசனை. ஒவ்வொரு வளைவுக்குப் பின்னும் நிறுத்தி, டிஸ்க் ஆறும்வரை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தேன். குரங்குகள் வந்து பையைச் சோதித்தன.

1976-இல் கலிஃபோர்னியாவின் மாரின் கவுண்டியில், பழைய பலூன் டயர் சைக்கிள்களில் மலைச்சரிவில் பந்தயம் இறங்கிய ஆட்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம். அவர்கள் ஹப்புக்குள் இருந்த பிரேக் ஒரே இறக்கத்தில் சூடாகி, கிரீஸ் புகையாகிப் போய்விடும். ஒவ்வொரு தடவையும் ஹப்பைத் திறந்து கிரீஸைத் திரும்ப அடைக்க வேண்டியிருந்ததால் அந்தச் சரிவுக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்த விளையாட்டே அப்படிப்பட்ட பிரேக்கில் பிறந்தது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன். அவர்கள் பிரேக்கில் எண்ணெய் அடிக்கவில்லை என்பதும் தெரியும்.

வீட்டில், டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பேடைக் கழற்றிப் பார்த்தால் பளபளவென்று கண்ணாடி. உப்புத்தாளில் தேய்த்தேன், அடுப்பில் வாட்டினேன், பயனில்லை. எண்ணெய் உள்ளே ஊறிவிட்டது. புதுப் பேடு போட்டு, டிஸ்க்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, வேகமெடுத்து மெல்லப் பிடித்து நிறுத்துவதை இருபது தடவை செய்தபின் பிரேக் பழைய நிலைக்கு வந்தது. செயினுக்கு இப்போது சொட்டு எண்ணெய் மட்டுமே, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு, பிறகு துணியால் துடைப்பது. ஸ்பிரே டப்பா கதவுக் கீலுக்குப் போய்விட்டது.

காற்று ஷாக்

கடைசியாக ஆசை தீர வாங்கியது. வாங்கும்போது ஒரு கண்ணிவெடியைத் தாண்டினேன். இன்றைய நல்ல ஷாக்குகளில், சட்டத்தின் தலைக்குழாய்க்குள் நுழையும் கழுத்துக் குழாய் பெரும்பாலும் மேலே ஒன்றேகால் அங்குலத்துக்குள், அடியில் ஒன்றரை அங்குலம் என்று விரிந்து வரும். என் சட்டத்தின் தலைக்குழாய் நேரானது. அடியிலும் ஒன்றேகாலுக்குள்தான், மேலிருந்து கீழ் வரை ஒரே 28.6 மில்லிமீட்டர் குழாய்க்கானது. தள்ளுபடியில் கிடைத்த விரிந்த வகைக்குப் பணம் கட்டும் பொத்தான்வரை விரல் போய்விட்டது. அளவெடுத்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

கழுத்துக் குழாயை அறுப்பதற்குமுன் பழையதைப் பக்கத்தில் வைத்து மூன்று தடவை அளந்தேன்; அரை சென்டிமீட்டர் கூட விட்டே அறுத்தேன். கூடினால் வளையம் போட்டு நிரப்பலாம், குறைந்தால் ஷாக்கையே தூக்கிப்போட வேண்டியதுதான். காற்று ஷாக்கில் நம் எடைக்கு ஏற்பக் காற்றழுத்தம் வைக்கலாம். சைக்கிளில் ஏறி நின்றால், ஆடாமல் நிற்கும்போதே 100 மில்லிமீட்டரில் இருபது அமுங்கியிருக்க வேண்டும். தண்டில் ஒரு பிளாஸ்டிக் டேக்கைக் கட்டிவிட்டால் எவ்வளவு அமுங்கியது என்று காட்டும். எனக்கு 85 பிஎஸ்ஐ-யில் சரியாக வந்தது. ஏறக்குறைய முக்கால் கிலோ குறைந்தது. கலுங்குப் படிகளில் முன்சக்கரம் தத்தாமல் ஒட்டி இறங்குகிறது. நன்றாக இருக்கிறது. 13,000 ரூபாய் அளவுக்கு நன்றாக இருக்கிறதா என்றால், டயரில் காற்றைக் குறைத்த அன்று கிடைத்த ஆச்சரியத்தில் கால்பங்கு. 1989 வாக்கில் ராக்‌ஷாக்ஸ் முதல் ஷாக்கைச் சந்தைக்குக் கொண்டுவரும் வரை, மலைச் சைக்கிளில் ஏறக்குறைய எல்லோரும் கையையும் காலையும் வைத்தே சமாளித்திருக்கிறார்கள்.

எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் இதைக் கேட்டால் சிரிப்பான். அவன் சைக்கிளில் நீலப் பெடல், அகல ஹேண்டில்பார், பெரிய டிஸ்க். உயரம் வளர வளர சீட்டுக் கம்பியையும் உயர்த்திக்கொண்டே போனான். கம்பியில் ‘இதற்குமேல் தூக்காதே’ என்று ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு வெளியே வந்து ஒரு ஜாண் மேலே நின்றது. உள்ளே இருந்த கொஞ்சம் கம்பி நெம்புகோலாகி, சட்டத்தின் மேல்குழாயும் சீட்டுக்குழாயும் சேரும் இடத்தில் முடிபோல் ஒரு விரிசல். பெயிண்ட் என்று நினைத்து நகத்தால் சுரண்டிப் பார்த்திருக்கிறான். அலுமினியத்தைத் தெருமுனையில் பற்றவைத்து ஓட்டுவது சரிவராது, சட்டம் போய்விட்டது. பாகங்களை எல்லாம் கழற்றி வைத்திருக்கிறான், பெரிய சட்டத்துக்குக் காசு சேர்க்கிறான்.

என் மச்சான் வாடிப்பட்டிப் பக்கம் விவசாயம் பார்க்கிறார். அவரிடமும் ஹார்ட்டெயில் இருக்கிறது, என்னுடையதைவிட ஓராண்டு மூத்தது. பின்னால் ஷாக் இல்லாததால் கேரியர் மாட்ட வசதி என்பதற்காகவே அதை வாங்கினார். உரமூட்டை, புல்லுக்கட்டு, சில நாள் என் மாமியாரின் மாவு டப்பா. ஐந்து ஆண்டில் மாற்றியது இரண்டு செயின், நாலைந்து டியூப், அவ்வளவுதான். கோடையில் ஒருமுறை மொத்தமாகப் பிரித்து ஓவராயில் செய்துவிடுகிறார்.

போன மாதம் வீட்டுக்கு வந்தார். நான் கழற்றிப்போட்ட பாகங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வராந்தாவில் இருந்தன. பழைய ஷாக், மூன்று பல்சக்கரக் கிராங்க், கம்பி பிரேக், நீண்ட ஸ்டெம். ஷாக்கை எடுத்துக்கொள்ளுங்கள், கிரீஸ் போட்டு வைத்திருக்கிறேன், வெண்ணெய்போல் அமுங்கும் என்றேன். கையில் எடுத்து ஒருமுறை அழுத்திப் பார்த்தார். வைத்துவிட்டார். பெட்டியின் அடியைக் கிளறி, வாங்கிய முதல் வாரமே அழகு கெடுகிறது என்று நான் கழற்றிப்போட்ட மட்கார்டையும் ஸ்டாண்டையும் எடுத்தார்.

“இது போதும் மாப்பிள்ளை” என்று கேரியரில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.